பெயர் அறியா விதை

காவிரியின் கடைமடைப் பகுதியில், திருவாரூருக்குத் தெற்கே அமைந்துள்ள ஊர் திருத்துறைப்பூண்டி. அவ்வூர்த் திருக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குப் பிறவி மருந்தீசர் என்பது திருப்பெயர். பிறவியாகிய பிணிக்கு மருந்தாக விளங்குபவர் என்பது அதன் பொருள். இறைவனையே மருந்தாகக் கண்டு வணங்கியவர் நம் முன்னோர். பிணியைத் தீர்ப்பது மருந்து; பிணியைத் தருவது நஞ்சு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே உயிர் காக்கும் அறிவாகும்.

அவ்வறிவு ஏட்டில் மட்டும் இருப்பதன்று, உழவரிடத்தும் உள்ளது. திருத்துறைப்பூண்டியை அடுத்துள்ள ஆதிரங்கம் என்னும் சிற்றூர், நெல் திருவிழாவினால் நாடறிந்த ஊராயிற்று. மறைந்துவந்த மரபு நெல்வகைகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவற்றைத் தேடித் திரட்டிக் காத்தவர் 'நெல்' ஜெயராமன். அவர் 2018ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6ஆம் நாள் மறைந்தார். அவர் நடத்திய விழாவில் ஓர் உழவர் 2 கிலோ விதைநெல் பெற்றுச் சென்றால், அடுத்த ஆண்டில் 4 கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், குடவாழை எனப் பெயர் கூறியே விதை வழங்கப்பெற்றது.

விதை வாங்க வரும் உழவர் எத்தனை கேள்வி கேட்பார்! "இதன் பெயர் என்ன? எந்த வயலில் விளைந்தது? எத்தனை நாளில் கதிர் முற்றும்? தண்ணீர் தேங்கும் பள்ளத்திற்கு ஏற்றதா? உப்பு மண்ணைத் தாங்குமா?" என்றெல்லாம் கேட்டறிந்த பின்னரே விதையை மடியில் வாங்குவார். பெயரும் பிறப்பும் அறியாத விதையை அவர் தம் வயலில் தூவ ஒருப்படார். ஒரு பருவம் வீணாயின் அடுத்த பருவம் உண்டு. எனினும் அவர் அத்துணை எச்சரிக்கையாக இருக்கின்றார்.

வயலில் இடும் விதைக்கே இத்தனை கேள்வி கேட்கும் நாட்டில், உடலில் இடும் பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் கேளாத இளைஞர் சிலரும் உளர். ஒரு சிறு பொட்டலத்தில் வரும் வெண்பொடியையோ, வண்ண மாத்திரையையோ, நண்பன் தந்தான் என்பதற்காக அவர்கள் உட்கொள்ளுகின்றனர். அவர்கள் இழப்பது ஒரு பருவத்து விளைச்சலை அன்று. அடுத்த பருவம் இல்லாத உயிரை.

புதிய நஞ்சு

கள், கஞ்சா, அபினி முதலியன பழைய போதைகள். இவை மரஞ்செடிகளிலிருந்து கிடைப்பவை. இவற்றின் தீமையை உலகம் நெடுங்காலமாக அறியும். இக்காலத்தில் பரவிவரும் செயற்கைப் போதைப்பொருள்களோ, ஆய்வுக்கூடக் கலங்களிலும் மறைவான கொட்டில்களிலும் பிறப்பவை.

ஒரு வேதிப்பொருளின் மூலக்கூறு, அணுக்கள் பல சேர்ந்து அமைந்த கட்டடம் போன்றது. அக்கட்டடத்தில் ஒரு கல்லை எடுத்துவிட்டு வேறொரு கல்லை வைப்பதுபோல, அணுத்தொகுதி ஒன்றை மாற்றியமைத்தால் புதிய பொருள் ஒன்று தோன்றும். தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் அதன் பெயர் இராது. ஆனால் போதை தரும் இயல்பு மட்டும் இருக்கும். சட்டத்தின் கண்ணை மறைப்பதற்கென்றே இவ்வாறு திட்டமிட்டுச் செய்யப்படுபவற்றை 'வடிவமைக்கப்பட்ட போதைப்பொருள்கள்' என்று அழைக்கின்றனர்.

நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மெஃபிட்ரோன் என்னும் செயற்கைப் பொருள் அச்சட்டத்தின் பட்டியலில் 2015ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. சட்டம் ஒன்றைத் தடுத்தால், செய்வோர் மற்றொன்றை உண்டாக்குகின்றனர். உலக நாடுகளிலிருந்து ஐக்கிய நாடுகள் அமைப்பிற்கு அறிவிக்கப்பட்டுள்ள இத்தகைய புதிய பொருள்கள் 1,200க்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றும் உடலில் என்ன செய்யும் என்பதை முற்றும் அறிந்த மருத்துவர் உலகில் எவரும் இலர்.

மருந்தும் பொடியும்

"மருந்தும் ஆய்வுக்கூடத்தில்தானே பிறக்கின்றது? இதுவும் அதுபோன்றதே அன்றோ?" என்று சிலர் வினவலாம். உண்மைதான், போதைப்பொருள்கள் சில மருந்தாராய்ச்சியிலேயே தோன்றின. 1893ஆம் ஆண்டில் நாகாய் நாகயோஷி என்னும் ஜப்பானிய அறிஞர், எபிட்ரின் என்னும் மருந்துப்பொருளிலிருந்து மெத்தம்பெட்டமைனை உண்டாக்கினார். அதுவே இன்று 'ஐஸ்' என்னும் பெயரில் களவாக விற்கப்படுகின்றது. 1951ஆம் ஆண்டில் நம் நாட்டு அறிஞர்களான காக்கர், உசேன் சாகீர் ஆகிய இருவரும் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தேடியபொழுது மெத்தாகுவலோன் என்னும் பொருளைக் கண்டனர். பின்னர் அது தூக்கமருந்தாக மேனாடுகளில் பரவிற்று. பலர் அதற்கு அடிமையாயினர். ஆகவே பல நாடுகள் அதனை விலக்கின.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் யாது? ஒரு பொருள் மருந்து என்னும் பெயரைப் பெறுமுன் பல படிகளைக் கடக்கின்றது. முதலில் விலங்குகளிடத்தும், பின்னர் இசைவு தந்த சிலரிடத்தும், அதன்பின் பலரிடத்தும் அதனைச் சோதிக்கின்றனர். எத்துணை அளவு நன்மை தரும், எத்துணை அளவு தீமை தரும், எவர் உண்ணலாகாது என்பனவற்றை வரையறுக்கின்றனர். இத்துணைக் காவலைக் கடந்து வந்த மருந்துகளுள்ளும் சில தீங்காக முடிந்ததுண்டு. அங்ஙனமாயின், ஒரு சோதனையும் இன்றி, செய்தவர் பெயரும் இன்றி, அளவும் இன்றி வரும் பொடியின் நிலை என்ன? அப்பொடிக்கும் ஒரு சோதனை நடக்கத்தான் செய்கின்றது. அதனை உட்கொள்ளும் இளைஞனே அச்சோதனைக்குரிய எலி ஆகின்றான்.

உறைந்துபோன உடல்கள்

அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்று. 1976ஆம் ஆண்டில் மேரிலாந்து மாநிலத்தில் வேதியியல் பயின்ற 23 வயது மாணவர் ஒருவர், தம் பயன்பாட்டிற்காக ஒரு செயற்கைப் போதைப்பொருளைத் தாமே செய்தார். பலமுறை தவறின்றிச் செய்தவர், ஒருமுறை விரைவு கருதிச் செய்முறையைச் சுருக்கினார். அதனால் எம்.பி.டி.பி. என்னும் வேண்டாப் பொருள் அதனுள் கலந்தது. அதனை ஊசிவழி ஏற்றிக்கொண்ட சில நாட்களில் அவருடைய கைகால்கள் விறைத்தன, பேச்சுக் குன்றியது, முதுமையில் வரும் நடுக்குவாத நோயின் அறிகுறிகள் அனைத்தும் அவ்விளம் உடலில் தோன்றின.

1982ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தில் அதே தவறு மீண்டும் நிகழ்ந்தது. களவாக விற்கப்பட்ட பொடியை வாங்கிப் பயன்படுத்திய எழுவர், கற்சிலைபோல் அசைவற்றுப் போயினர். அவர்களுக்கு அறிவு மங்கவில்லை. பிறர் பேசுவது கேட்டது. ஆனால் விரலை அசைக்கவும் நாவைப் புரட்டவும் இயலவில்லை. லாங்ஸ்டன் என்னும் மருத்துவர் அதன் காரணத்தை ஆராய்ந்தார். மூளையில் உடலசைவை ஆளும் சிறு பகுதி ஒன்றின் உயிரணுக்களை அந்நஞ்சு தேடித் தேடி அழித்திருந்தது. மருந்தால் அவர்களுக்குச் சிறிது அசைவு திரும்பியது. அழிந்த உயிரணுக்களோ திரும்பவில்லை. பொடியை விற்றவனுக்கும் அதில் என்ன கலந்தது என்பது தெரியாது, வாங்கியவர்க்கும் தெரியாது. இருவர்க்கும் தெரியாத பொருளே அவர்தம் உடலை ஆண்டது.

மற்றொன்றும் கேளுங்கள். நம் பகுதி வயல்களில் நெற்பயிரை அழிக்கும் எலிகளை ஒழிக்க உழவர்கள் மூங்கிற் கிட்டி வைப்பர், எலிநஞ்சும் வைப்பர். அந்நஞ்சு வகைகளுள் சில, இரத்தம் உறைவதைத் தடுத்து, உள்ளுக்குள்ளேயே குருதி ஒழுகச் செய்து எலியைக் கொல்லும். 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், செயற்கைக் கஞ்சா என விற்கப்பட்ட பொருளில் இத்தகைய எலிநஞ்சு கலந்திருந்தது. அதனைப் புகைத்தவர்களுள் 150க்கும் மேற்பட்டோர், ஈறுகளிலும் மூக்கிலும் சிறுநீரிலும் குருதி ஒழுக மருத்துவமனைகளை நாடினர், சிலர் மாண்டனர். பிழைத்தோரும் திங்கள் பலவாக மருந்துண்ண நேர்ந்தது. வரப்பில் எலிக்கு வைக்கும் நஞ்சு மனிதன் புகைக்கும் பொருளில் இருந்தது!

நம் மண்ணில்

இவை கடல்கடந்த நாட்டுச் செய்திகள் என்று நாம் வாளா இருத்தல் கூடாது. 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில், நம் மாநிலத்துக் கள்ளக்குறிச்சியில் கருணாபுரம் என்னும் பகுதியில், சாராயம் என நம்பி மெத்தனால் கலந்த நச்சுநீரைப் பலர் குடித்தனர். 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மெத்தனால் பார்வைக்குச் சாராயத்தைப் போன்றதே. உடலினுள் சென்றபின் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பை அழிக்கும். பின்பு உயிரையும் குடிக்கும். அது செயற்கைப் போதைப்பொருள் அன்று. எனினும் அடிப்படை ஒன்றே. பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருந்தமையே அத்துணை உயிர்களையும் மாய்த்தது.

வலி நீக்குதற்கென மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளைப் போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தும் இளைஞர்களும் நம் மாநிலத்தில் உளர். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவதால் ஈரல் அழற்சியும் எச்.ஐ.வி. நோயும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகின்றன. 2019ஆம் ஆண்டில் மைய அரசு வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, பசை முதலியவற்றை முகர்ந்து போதை கொள்ளும் தீய பழக்கம் பெரியவர்களிடத்து 0.58 விழுக்காடாகவும், 10 முதல் 17 வயது வரையுள்ள சிறுவர்களிடத்து 1.17 விழுக்காடாகவும் இருந்தது. பெரியவர்களைவிடச் சிறுவரிடத்து மிகுந்து காணப்பட்ட போதைப் பழக்கம் அது ஒன்றே.

உடலுக்கு வரும் கேடு

செயற்கைப் போதைப்பொருள்களுள் ஒருவகை உடலை முடுக்குவது. இதயம் அளவிற்கு மீறித் துடிக்கும்; குருதியழுத்தம் ஏறும்; உடல் அனலாய்க் கொதிக்கும்; இளம் வயதினர்க்கும் மாரடைப்போ மூளையில் குருதிக்கசிவோ நேரலாம். இல்லாத குரல்கள் காதில் கேட்கும். பெற்ற தாயையும் பகைவராகக் கருதும் மனமயக்கம் தோன்றும். மற்றொரு வகை உடலை அடக்குவது. அது மூச்சையே மெல்ல மெல்ல நிறுத்திவிடும். அறுவை மருத்துவத்தில் பெரிதும் பயன்படும் ஃபென்டனில் என்னும் வலிநீக்கி, களவாகச் செய்யப்பட்டுப் பிற பொருள்களில் கலக்கப்படும்பொழுது, 2 மில்லிகிராம் அளவே உயிரைப் போக்கக்கூடும். அது பொடியுப்பின் சில துகள்களின் அளவாகும். 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அளவு மீறிய போதையால் 1 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் உயிரைக் கவர்ந்தவை ஃபென்டனிலும் அதனை ஒத்தவையுமே ஆகும்.

இளைஞர்களுக்கு இக்கேடு இருமடங்காகும். மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்ச்சி பெறுகின்றது. முன்பின் எண்ணித் துணியும் ஆற்றலுக்குரிய பகுதியே இறுதியில் முதிர்கின்றது. கதிர் பால்பிடிக்கும் காலத்தில் நோய் கண்ட பயிர் பதராய்ப் போவதுபோல, வளரும் பருவத்தில் நஞ்சேறிய மூளையும் கெடுகின்றது. நினைவும் கல்வியும் மன அமைதியும் குறைகின்றன.

திருக்குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 95ஆம் அதிகாரம் மருந்து. இவ்விரண்டிற்கும் இடையே 94ஆம் அதிகாரமாகச் சூது நிற்கின்றது. இவ்வைப்புமுறை நம் சிந்தனைக்கு உரியது. மருந்தின் வடிவில் வரும் இப்புதிய போதைப்பொருள் கள்ளும் ஆகும், சூதும் ஆகும். ஒவ்வொரு பொட்டலமும் ஒரு சூதாட்டக் காய். பணயம் வைக்கப்படுவதோ உயிர். நேற்று ஒன்றும் நேரவில்லை என்பது இன்றைக்கு உறுதி ஆகாது. நேற்றைய பொட்டலமும் இன்றைய பொட்டலமும் ஒரே பொருள் என்று எவரும் சொல்ல இயலாது.

நான்கு கேள்விகள்

இப்பொருள் பெரும்பாலும் முன்பின் அறியாதவன் கையால் வருவதில்லை; அறிந்த நண்பன் கையாலேயே வருகின்றது. "ஒருமுறைதானே" என்பது அவன் கூறும் முதற்சொல். மறுத்தால் கோழை என்பது இரண்டாம் சொல். அவ்வேளையில் ஆதிரங்கத்து விதைக் களத்தில் நின்ற உழவரை நினைவுகூர்தல் வேண்டும். இதன் பெயர் என்ன? இதைச் செய்தவர் யார்? இதன் அளவு என்ன? தீங்கு நேர்ந்தால் மாற்று என்ன? இந்நான்கு கேள்விகளுக்கும் விடை கூற வல்லவர் ஒருவரும் அங்கு இரார். விடையில்லாத பொருளை மறுப்பவன் கோழை அல்லன், உழவரைப்போன்ற அறிவுடையவன்.

தவறி ஒருவன் உட்கொண்டு மயங்கி வீழ்ந்தால், அவனைத் தனியே விட்டு ஓடுதல் பெரும்பாவம். காவலர்க்கும் பெற்றோர்க்கும் அஞ்சித் தோழர்கள் மறைப்பதாலேயே காக்கத்தக்க உயிர்களும் போகின்றன. உடனே 108 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். மயங்கியவனை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, மூச்சைக் கவனித்தல் வேண்டும். எஞ்சிய மாத்திரையோ உறையோ இருப்பின் மருத்துவரிடம் கொடுத்து, நடந்ததை ஒளியாது சொல்லுதல் வேண்டும். அபினி இனத்தைச் சேர்ந்த பொருள்களுக்கு நலோக்சோன் என்னும் மாற்றுமருந்து உண்டு. ஏனைய செயற்கைப் பொருள்கள் பலவற்றிற்கு அத்தகைய மாற்று இல்லை. ஆதலின் உட்கொண்டது எது என்பதைப் பற்றிய சிறு குறிப்பும் மருத்துவருக்கு வழிகாட்டும் விளக்காகும்.

பழக்கத்திற்கு அடிமைப்பட்டவனைப் பழித்து ஒதுக்குதலும் முறையன்று, அவன் நோயாளி. தானே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைப்பட்டவனுக்கு, சிற்றளவுக் குற்றங்களில் வழக்கிலிருந்து காப்பளிக்கும் விதி 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. ஆனால் சிறார்க்குப் போதைப்பொருள் கொடுப்பவனை, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 7 ஆண்டு வரை கடுங்காவலில் வைக்கும். போதைப்பழக்கத்தினின்று மீள விரும்புவோர்க்கு 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் நாடு முழுதும் வழிகாட்டுகின்றது.

மீட்சி இயலும் என்பதற்கு நம் பகுதியே சான்று. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார், தம் துயரைத் தொண்டாக மாற்றி, 1980ஆம் ஆண்டில் சென்னையில் மறுவாழ்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அந்நிறுவனத்தார், குடவாசலை அடுத்த மஞ்சக்குடி என்னும் சிற்றூருக்கே வந்து, குடிக்கு அடிமைப்பட்டோரை அங்கேயே தங்கவைத்து மருத்துவம் செய்தனர். குடும்பத்தாரையும் ஊராரையும் துணையாகச் சேர்த்துக்கொண்டனர். அம்முகாமின் அனுபவம் 1994ஆம் ஆண்டில் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றிலும் இடம்பெற்றது. ஒருவனை மீட்கும் பணியில் ஊரே கைகொடுக்கலாம் என்பதை உலகிற்கு உணர்த்தியது நம் காவிரிப் படுகைச் சிற்றூர்.

மாணவர்களே! கடைமடை வரை வரும் நீரைக் காத்து, பெயரறிந்த விதையைத் தூவி, பருவமறிந்து பயிர் வளர்த்தவர் வழியில் வந்தோர் நீங்கள். உங்கள் உடலும் ஒரு வயலே. அதற்கு மறு நடவு இல்லை. பெயர் அறியா விதையை அதில் தூவ எவர்க்கும் இடங்கொடாதீர்கள். உங்கள் தோழனின் வயலிலும் தூவ விடாதீர்கள்.